தாக்குதலில் உள்ள கட்டம்: கொன்ராட் சூசேயின் சதுரங்கமும் போரும்

1945ஆம் ஆண்டின் வசந்தகாலம். ஜேர்மனி தோற்றுக்கொண்டிருந்தது. கிழக்கே சோவியத் படைகள், மேற்கே அமெரிக்க, பிரித்தானியப் படைகள். நடுவில் அகப்பட்ட வீதிகள் எல்லாம் மூட்டை முடிச்சுகளோடு சனங்கள். அந்த நாட்களில் ஒரு லொறி தெற்கே, அல்ப்ஸ் மலைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஏற்றியிருந்தது உணவும் அல்ல, ஆயுதமும் அல்ல. கழற்றிக் கட்டிய ஒரு கணிப்பொறி. அதனோடு போனவர் 34 வயதான கொன்ராட் சூசே. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவருக்குத் திருமணம் நடந்திருந்தது. மனைவி கிசேலா வயிற்றில் பிள்ளையோடு இருந்தார்.

இந்தக் காட்சியை முதலில் வாசித்தபோது எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. எல்லாம் எரிந்த பிறகு ஒரேயொரு பொருளைக் காப்பாற்றிக்கொண்டு ஓடும் மனிதர். இடம்பெயர்ந்த எவருக்கும் அந்த லொறியைத் தெரியும். எதை ஏற்றுவது, எதை விட்டுவிட்டுப் போவது என்ற கணக்கும் தெரியும். போர் அழித்த பின்னும் எழுந்து நின்ற மேதை என்று தலைப்பைக்கூட மனதுக்குள் போட்டுவிட்டேன். ஆனால் தொடர்ந்து வாசிக்க வாசிக்க அந்தத் தலைப்பு நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதைச் சொல்வதற்கு, அந்த லொறி போய்ச் சேர்ந்த மலைக்கிராமத்தில் அவர் எழுதிய ஒரு சதுரங்கக் கணக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெற்றோரின் வீட்டில் ஒரு இயந்திரம்

சூசே 1910 ஜூன் 22ஆம் திகதி பேர்லினில் பிறந்தார். தந்தை தபால் சேவையில் வேலை பார்த்தவர். சிறுவயதைக் கிழக்குப் பிரஷ்யாவின் பிரவுன்ஸ்பேர்க்கில் கழித்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில், பிரானியேவோ என்ற பெயரில் இருக்கிறது. போரின் முடிவில் எல்லைகள் நகர்ந்தபோது அவருடைய பால்ய ஊரும் வேறொரு நாட்டுக்குப் போய்விட்டது.

அவர் நன்றாக ஓவியம் வரைவார். பேர்லின் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் பொறியியலும் கட்டடக்கலையும் என்று மாறி மாறி அலைந்து, கடைசியில் 1935இல் குடிசார் பொறியியலாளராக வெளியே வந்தார். ஹென்ஷெல் விமானத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விமானப் பாகங்கள் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று கணிப்பது அவருடைய பணி. ஒரே சூத்திரம், வேறு வேறு எண்கள், நாள் முழுவதும். ஒரு கணக்கின் விடையை எடுத்து அடுத்த கணக்கில் போடுவதற்கு ஒரு மனிதன் எதற்கு என்ற எரிச்சலில்தான் அவருடைய இயந்திரம் பிறந்தது.

1936இல் வேலையை விட்டுவிட்டுப் பெற்றோரின் வீட்டில் இயந்திரம் கட்டத் தொடங்கினார். நண்பர்கள் பணம் கொடுத்தார்கள், உலோகத் தகடுகளைக் கையால் வாள் பிடித்து அறுத்தும் கொடுத்தார்கள். 1938இல் இசட்-1 முடிந்தது. தகடுகள் முன்னும் பின்னும் நகர்வதால் கணக்குப் போடும் இயந்திரம் அது. எல்லா எண்களும் சுழியமும் ஒன்றுமாகவே அதற்குள் இருந்தன. கட்டளைகள் பழைய திரைப்படச் சுருளில் துளைகளாக இடப்பட்டன. ஆனால் தகடுகள் அடிக்கடி இறுகிக்கொண்டன.

அடுத்தடுத்த முயற்சிகளில் தகடுகளின் இடத்துக்கு ரிலே எனப்படும் மின் ஆளிகள் வந்தன. 1941 மே 12ஆம் திகதி இசட்-3ஐ அவர் பேர்லினில் விஞ்ஞானிகள் சிலருக்கு இயக்கிக் காட்டினார். செய்நிரலின்படி தானாகவே இயங்கி, உண்மையில் வேலை செய்த முதல் கணினி என்று இன்று பலரும் ஏற்றுக்கொள்வது அதைத்தான். அதன் நினைவகத்தில் 64 எண்களை வைக்கலாம். ஒவ்வொன்றும் 22 பிட் நீளம். சதுரங்கப் பலகையிலும் 64 கட்டங்கள் என்பது தற்செயல்தான், ஆனாலும் மனதில் வைத்திருங்கள்.

நான் தவிர்க்க நினைத்த பகுதி

இசட்-3ஐப் பார்க்க வந்தவர்கள் ஜேர்மன் விமானவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அந்த நிறுவனம்தான் அதற்குப் பணமும் கொடுத்திருந்தது. 1939இல் போர் தொடங்கியதும் சூசே படைக்கு அழைக்கப்பட்டார். சில மாதங்களில் விடுவிக்கப்பட்டார். அவர் போர்முனையில் நிற்பதைவிட ஹென்ஷெலின் மேசையில் இருப்பதே ஆட்சிக்குப் பயன் என்று கருதப்பட்டது.

அந்த மேசையில் இருந்தது எச்எஸ் 293. விமானத்திலிருந்து விடப்பட்டு, வானொலி அலையால் வழிநடத்தப்பட்டு, கப்பல்களை நோக்கிப் போகும் சறுக்குக்குண்டு. அதன் இறக்கைகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது மிகச் சிறிய கோணல்களோடு வரும். அப்படியே விட்டால் குண்டு குறி தவறும். ஒவ்வொரு இறக்கையையும் அளந்து, எவ்வளவு திருத்த வேண்டும் என்று கணிக்க வேண்டும். ஒரு கூட்டம் ஆட்கள் மேசைக் கணிப்பொறிகளோடு இருந்து செய்த அந்த வேலைக்காகச் சூசே எஸ்-1 என்ற தனிக் கணினியைக் கட்டிக்கொடுத்தார். பின்னர் எஸ்-2. அது அளவுமானிகளை ஆள் இல்லாமல் தானே வாசித்தது. தொழிற்சாலை வேலையில் ஈடுபட்ட முதல் கணினிகளில் ஒன்று என்று தொழில்நுட்ப வரலாறு அதைப் பாராட்டுகிறது. பாராட்டும் வரியில் குண்டு என்ற சொல் சில வேளை இருப்பதில்லை.

1943 நவம்பர் 26ஆம் திகதி, அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ரோனா என்ற படைக்காவிக் கப்பல்மீது ஒரு எச்எஸ் 293 விழுந்தது. கப்பல் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். அந்தக் கப்பல் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் கம்பனிக்குச் சொந்தமானது. அதன் மாலுமிகளில் பலர் இந்தியர்கள். அவர்களிலும் பலர் திரும்பவில்லை.

அடுத்த மாதம் பேர்லின்மீது விழுந்த குண்டுகளில் இசட்-3 அழிந்தது. இசட்-1உம் அதன் வரைபடங்களும் அதே குளிர்காலத்துக் குண்டுவீச்சுகளில் பெற்றோரின் வீட்டோடு போயின. எட்டு ஆண்டு உழைப்பில் மிஞ்சியது, கட்டி முடியாத இசட்-4 மட்டும்.

மலைக்கிராமத்துக்கு

அந்த இசட்-4தான் லொறியில் போனது. 1945 பெப்ரவரியில் பேர்லினிலிருந்து முதலில் கோட்டிங்கன் நகருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பூட்டி, இயக்கியும் காட்டினார்கள். அமெரிக்கப் படைகள் நெருங்கியபோது மேலிடத்திலிருந்து புதிய உத்தரவு வந்தது: ஹார்ட்ஸ் மலையின் நிலத்தடிச் சுரங்கங்களுக்கு இயந்திரத்தைக் கொண்டுபோக வேண்டும். வதைமுகாம் கைதிகளை வைத்து ஏவுகணைகள் செய்த சுரங்கங்கள் அவை. அந்த நிலைமையைக் கண்ட சூசே அங்கே தங்க விரும்பவில்லை. மேலும் தெற்கே போனார்.

எரிபொருளுக்கும் வாகனத்துக்கும் நாடே தவித்த நேரம். இயந்திரத்துக்கு அப்போதிருந்த பெயர் வீ-4. பரிசோதனை மாதிரி என்ற ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து அது. வீ-1, வீ-2 என்ற ஏவுகணைகளின் பெயர்களை அறிந்த அதிகாரிகள் இதுவும் அந்த வரிசையில் வரும் புதிய ஆயுதம் என்று எண்ணி வழிவிட்டார்கள். கணினி தப்பியது ஆயுதத்தின் பெயரால். போர் முடிந்த பின் அந்தப் பெயரே ஆபத்தாகும் என்பதால் அது இசட்-4 ஆனது.

பயணம் முடிந்த இடம் ஆல்கொய் மலைப்பகுதியின் ஹின்டர்ஸ்டைன் கிராமம். இயந்திரத்தை ஒரு கொட்டிலில் ஒளித்து வைத்தார்கள். அதை இயக்க வழியில்லை, வேலையும் இல்லை. அந்த நவம்பரில் முதல் பிள்ளை பிறந்தது. சூசேயிடம் தாளும் பென்சிலும் இருந்தன. பேர்லினில் குறிப்புகளாகத் தொடங்கியிருந்த ஒன்றை அங்கே உட்கார்ந்து முழுமையாக எழுதினார். இயந்திரத்துக்கு வேலை சொல்வதற்கான ஒரு மொழி. பிளான்கல்குல் என்று பெயர் வைத்தார். இன்றைய செய்நிரல் மொழிகளுக்கெல்லாம் மூத்தது அது.

64 கட்டங்களை எப்படி எழுதுவது

அந்த மொழியால் எண்களைக் கூட்டிக் கழிப்பது மட்டுமல்ல, சிந்தித்து முடிவெடுப்பதையும் எழுத முடியும் என்று காட்ட ஒரு கடினமான உதாரணம் தேவைப்பட்டது. சூசே சதுரங்கத்தைத் தேர்ந்தெடுத்தார். அவருக்குச் சதுரங்கம் தெரியாது. இதற்காகவே கற்றுக்கொண்டார்.

முதல் கேள்வி, பலகையை எப்படி எழுதுவது என்பது. மனிதன் பலகையைக் கண்ணால் பார்க்கிறான். இயந்திரத்துக்குக் கண் இல்லை. சுழியமும் ஒன்றும்தான் உண்டு. சூசேயின் விடை சிக்கனமானது. எட்டு நிரல்களுக்கு மூன்று பிட் போதும்: 000 தொடங்கி 111 வரை. எட்டு நிரைகளுக்கு இன்னொரு மூன்று பிட். ஆக, எந்தக் கட்டத்துக்கும் ஆறு பிட்டில் ஒரு முகவரி. வெள்ளை அரசன் ஆட்டத் தொடக்கத்தில் நிற்பது ஐந்தாம் நிரலின் முதல் நிரையில். சுழியத்திலிருந்து எண்ணினால் அது 100 000.

கட்டத்தில் நிற்பது யார்? வெள்ளையில் ஆறு வகைக் காய்கள், கறுப்பில் ஆறு வகை, வெறுங்கட்டம் ஒன்று. மொத்தம் பதின்மூன்று நிலைகள். நான்கு பிட் போதும். 64 கட்டத்துக்கும் சேர்த்து 256 பிட். ஆனால் பலகையை மட்டும் பார்த்தால் ஆட்டம் முழுதாகத் தெரியாது என்பதையும் அவர் கவனித்திருந்தார். அடுத்து நகர்த்துவது யார் என்பதற்கு ஒரு பிட். அரசனும் கோட்டையும் இடம் மாறும் உரிமை யாருக்கு எந்தப் பக்கம் மிச்சம் என்பதற்கு நான்கு பிட். சிப்பாய் இரண்டு கட்டம் பாயும்போது கடந்துபோன கட்டத்தில் அதை வெட்டும் விதிக்காக ஒரு கட்ட முகவரி, ஆறு பிட். எல்லாம் கூட்டினால் 267. பேர்லினில் எரிந்துபோன இசட்-3இன் நினைவகத்தில் ஐந்திலொரு பங்குகூட வராது.

இரண்டாவது கேள்விதான் என்னை நிறுத்தியது. ஒரு கட்டம் எதிரியின் தாக்குதலில் இருக்கிறதா? சதுரங்கத்தின் மற்ற எல்லாமே இந்தக் கேள்வியில் தொங்குகிறது. அரசனுக்குச் செக் உண்டா, அரசன் அந்தப் பக்கம் ஒதுங்கலாமா, ஆட்டம் முடிந்துவிட்டதா, எல்லாமே இதே கேள்வியின் வடிவங்கள்.

ஆறு பிட் முகவரி இதற்கு உதவுகிறது. எதிரியின் கோட்டை அரசனைத் தாக்க வேண்டுமானால் இருவரின் நிரல் எண்ணோ நிரை எண்ணோ ஒன்றாக இருக்க வேண்டும். பிஷப் தாக்க வேண்டுமானால் நிரல்களின் வித்தியாசமும் நிரைகளின் வித்தியாசமும் சமமாக இருக்க வேண்டும். குதிரைக்கு ஒரு வித்தியாசம் ஒன்று, மற்றது இரண்டு. 100 000இல் அரசன், 101 010இல் எதிரியின் குதிரை: நிரல் வித்தியாசம் ஒன்று, நிரை வித்தியாசம் இரண்டு, செக். கண்ணால் பார்க்காமலே, கழித்தல் கணக்கால் இயந்திரம் ஆபத்தை அறிகிறது. குதிரை தாண்டிப் பாயும். கோட்டைக்கும் பிஷப்புக்கும் அரசிக்கும் வழியில் உள்ள ஒவ்வொரு கட்டமும் வெறுமையாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இடையில் ஒரு சிப்பாய் நின்றாலும் அரசன் தப்பினான்.

எறிகணை புறப்படும் சத்தத்தைக் கேட்டு அது எந்தப் பக்கம் விழும் என்று பிள்ளைகளே சொல்லிவிடும் ஊர்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தக் கேள்விக்கு எங்களுக்கு விளக்கம் தேவையில்லை. நான் நிற்கும் கட்டம் தாக்குதலில் இருக்கிறதா? அடுத்த கட்டம்?

பின்வந்தவர்கள்

சூசேயின் சதுரங்கம் அவர் கட்டிய எந்த இயந்திரத்திலும் ஓடவில்லை. பிளான்கல்குல் பற்றி 1948இல் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. முழு நூல் அச்சானது 1972இல்தான். அதற்குள் அமெரிக்காவில் குளோட் ஷனன், இங்கிலாந்தில் அலன் டியூரிங் என்று மற்றவர்கள் அதே கேள்விகளைத் தாமாகவே கேட்டு, தம் வழியில் விடை கண்டிருந்தார்கள்.

சதுரங்கக் கணினியின் வேகம் பெருமளவுக்கு அந்த இரண்டாவது கேள்வியில் தங்கியிருக்கிறது. இலட்சக்கணக்கான நிலைகளைப் பார்க்கும் இயந்திரம் ஒவ்வொன்றிலும் செக் உண்டா என்று கேட்க வேண்டும். அதனால் புதுப்புது உத்திகள் வந்தன. நிரலுக்கும் நிரைக்கும் மூன்று பிட்டுக்குப் பதிலாக நான்கு வைத்தார்கள் சிலர். காய் பலகையை விட்டு வெளியே போனால் மிகையான அந்த பிட் எரியும், ஒரே சோதனையில் தெரிந்துவிடும். கட்டத்துக்கு ஒரு பிட்டாக 64 பிட்டை ஒரே எண்ணாக வைத்தார்கள் வேறு சிலர். மொஸ்கோவின் கைஸா, அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துச் செஸ் 4 ஆகிய செய்நிரல்கள் அந்த வழியில் போனவை. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் குதிரை பாயக்கூடிய கட்டங்களை முன்கூட்டியே எழுதி வைத்தால், ஒரே ஒப்பீட்டில் விடை வந்துவிடும்.

இன்னொரு உத்தியை வாசித்தபோது கொஞ்ச நேரம் அதிலேயே நின்றுவிட்டேன். எதிரியின் காய்களை ஒவ்வொன்றாகத் தேடுவதற்குப் பதிலாக, அரசன் நிற்கும் கட்டத்தில் உன் குதிரையை வைத்துப் பார். அது பாயக்கூடிய இடத்தில் எதிரியின் குதிரை நின்றால், அந்தக் குதிரையும் உன்னைத் தாக்குகிறது. கோட்டைக்கும் பிஷப்புக்கும் அப்படியே. சிப்பாய்க்கு மட்டும் திசையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கிருந்து இங்கே வரும் தாக்குதலின் பாதையும் இங்கிருந்து அங்கே போகும் தாக்குதலின் பாதையும் ஒன்றேதான்.

இரண்டு நிறங்களும்

போருக்குப் பின் சூசே மீண்டும் எழுந்தார் என்பது உண்மை. 1949இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எடுவார்ட் ஸ்டீஃபல் தேடி வந்து, ஒரு சமன்பாட்டைச் சொல்லித் தீர்க்கக் கேட்டார். இசட்-4 தீர்த்தது. 1950இல் அது சூரிச்சுக்கு வாடகைக்குப் போனது. சூசே தொடங்கிய கம்பனி 251 கணினிகளைச் செய்து விற்றது. பிறகு கடன் கூடிக் கைமாறி, 1967இல் சீமென்ஸிடம் போனது. அதே ஆண்டு, பல்லாண்டுகள் நடந்த காப்புரிமை வழக்கில் போதிய புதுமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. முதுமையில், எரிந்துபோன இசட்-1ஐ மறுபடி பேர்லின் அருங்காட்சியகத்துக்காகக் கட்டிக்கொடுத்தார். 1995 டிசம்பர் 18ஆம் திகதி இறந்தார். இரண்டு மாதம் ஆகுமுன், 1996 பெப்ரவரியில், டீப் புளூ என்ற கணினி உலகச் சம்பியன் காஸ்பரோவை ஓர் ஆட்டத்தில் வென்றது.

அவர் நாசிக் கட்சியில் சேரவில்லை. ஆனால் அந்த ஆட்சியின் போருக்கு வேலை செய்ததில் அப்போது தயங்கியதாகவும் பதிவில்லை. 1970இல் வந்த நினைவுநூலில், கண்டுபிடிப்பாளனை ஃபவுஸ்டோடு ஒப்பிட்டு, தன் எண்ணம் நிறைவேற வேண்டுமானால் அவன் அதிகாரங்களோடு கைகோக்க வேண்டியிருக்கிறது என்ற பொருளில் எழுதினார். அது விளக்கமா, வருத்தமா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ரோனாவில் மூழ்கியவர்களின் வீட்டார் அதை எப்படி வாசிப்பார்கள் என்று மட்டும் யோசித்தேன்.

அவரைப் பற்றிய கட்டுரைகள் பலவும் பேர்லினில் விழுந்த குண்டுகளை எழுதுகின்றன, இசட்-3 எரிந்ததை எழுதுகின்றன. அவர் கணித்த இறக்கைகள் போய் விழுந்த இடத்தை ஒரு வரியில் தாண்டுகின்றன. நானும் அப்படித்தான் எழுத இருந்தேன். எங்கள் பக்கத்து இழப்பை எழுதியே பழகிய கைக்கு அது இலகுவாக வருகிறது. எங்கள் இழப்புகளை எழுதவே வேண்டும். அதை வேறு யாரும் எழுதப்போவதில்லை. ஆனால் ஒரு மனிதனின் வாழ்க்கையை எழுதும்போது அவன் இழந்ததோடு நிறுத்தினால், அது அவனுடைய வாழ்க்கை ஆகாது.

சூசேயின் நான்கு பிட்டில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடம் இருந்தது. இருந்தே ஆக வேண்டும். பலகையில் ஒரு நிறக் காய்களை மட்டும் எழுதினால், எந்தக் கட்டம் தாக்குதலில் இருக்கிறது என்று எந்த இயந்திரத்தாலும் சொல்ல முடியாது. மலைக்கிராமத்தில், போர் ஓய்ந்த பிறகு, தாளில் அவர் அதைச் சரியாக எழுதினார். அந்த லொறியில் போன மனிதர்மீது எனக்கு இன்றும் இரக்கம் இருக்கிறது. முதலில் போட்ட தலைப்பை மட்டும் அழித்துவிட்டேன்.